ஒற்றைப் பெயர்க்காரர்களும் பத்து த்ரெட்டுகளும்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதுவதென்றால் ஃபிஜி ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் படிக்க அவர்கள் இங்கே இல்லை. பிரிஸ்பேனிலும் ஆக்லாந்திலும் இருக்கிறார்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போன நாற்காலிகளில் உட்காரத்தான் கோயம்புத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் உங்களைக் கம்ப்யூட்டர் வேலைக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் அழைத்து வந்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஆள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் முன்னோர்களைக் கரும்பு வயலுக்கு ஃபிஜிக்குக் கொண்டுவந்ததும் அப்படித்தான்; நாங்கள் அதைக் கிர்மிட் என்போம். உங்கள் கிர்மிட்டில் ஏசி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். ஒரு கிளாஸில் இருக்கும் மெத்தடை த்ரெட்டில் ஓடவிட்டால் எரர் வருகிறதாம். "ஆன்ட்டி, நான் ஒரு ஆர்கியூமென்ட்தான் கொடுத்தேன், அது ரெண்டு கொடுத்ததா சொல்லுது" என்றாள். அழாத குறை. நான் சிரித்துவிட்டேன். அவள் மன்னிக்க வேண்டும். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த எரரோடு எனக்குப் பழைய பகை உண்டு. போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஒரு வரியில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் உத்தியோக வரலாற்றை வருடக் கணக்கில் சொன்னால் எனக்கே குழம்பும். கூ கணக்கில் சொன்னால் சரியாக வரும். ஆட்சிக் கவிழ்ப்பை நாங்கள் கூ என்றுதான் சொல்வோம். இந்திய வம்சத்து ஆட்கள் இங்கே ஆளக்கூடாது என்று தொடங்கியது அது; ஒவ்வொன்றுக்குப் பிறகும் எங்களில் ஒரு கூட்டம் நாட்டைவிட்டுக் கிளம்பும். எண்பத்தேழு கூவின்போது நான் லவுட்டோகாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அது முடிந்ததும் என் சூப்பர்வைசர் கனடாவுக்குப் போனார். நான் டேட்டா என்ட்ரிக்கு உயர்ந்தேன். இரண்டாயிரத்தில் வந்த கூவுக்குப் பிறகு புரோகிராமர் மெல்போர்னுக்குப் போனார்; அவருடைய மேசையும் அதன் மேலிருந்த இரண்டு புத்தகங்களும் எனக்கு வந்தன. இரண்டாயிரத்து ஆறில் இன்னொரு கூ. மிச்சமிருந்த ஒருவரும் சிட்னிக்குப் போக, நான் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி ஆனேன். பிரிவில் நான் ஒருத்திதான். பதவி உயர்வுக்காக நான் ஒரு நாளும் யாரையும் காக்கா பிடித்ததில்லை. ராணுவம் பார்த்துக்கொண்டது.

கூவுக்குப் பிறகு ஊரில் ஓடிய ஒரே தொழில் ஊரைவிட்டுப் போவதுதான். எங்கள் மேனேஜர் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். நியூசிலாந்தில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி ஒன்றிடம் ஒரு வேலையைப் பிடித்தார். இங்கிருக்கும் நர்ஸுகளின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, ஸ்கேன் செய்து, கடைசித் தேதிக்குள் ஆக்லாந்தில் இருக்கும் அவர்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் எடுப்பார்கள். விண்ணப்பிக்கும் நாளில் வயது நாற்பத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் அந்த விண்ணப்பம் அடுத்த தடவைக்குத்தான்.

அனுப்பும் புரோகிராமை நான் எழுதினேன். மெல்போர்ன்காரர் விட்டுப்போன புத்தகங்களில் ஒன்று பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி பற்றியது. நான் கற்றது அதிலிருந்து. அனுப்புவதற்கென்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு அச்சு; அதில் அனுப்பும் வேலையைச் செய்ய ஒரு மெத்தட். அந்த மெத்தடுக்கு இரண்டு விவரம் கொடுக்க வேண்டும்: ஆளின் பெயர், குடும்பப் பெயர். அதை வைத்து அது ஃபைலைத் தேடி எடுத்து அனுப்பும். இப்படி நாம் கையில் கொடுத்து அனுப்பும் விவரத்தைத்தான் ஆர்கியூமென்ட் என்கிறோம். இங்கிலீஷில் அந்த வார்த்தைக்குச் சண்டை என்றும் அர்த்தம் உண்டு என்று பிற்பாடுதான் எனக்கு உறைத்தது, அதுவரை நான் சண்டை போட்டு முடித்திருந்தேன்.

எங்கள் லைன் அப்போது ஆமை வேகம். ஒரு ஃபைல் போக மூன்று நிமிஷம் ஆகும். இருநூற்றுச் சொச்சம் ஃபைல். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஒரு நாள் போதாது. ஒரே சமயத்தில் பத்து ஃபைலை அனுப்பினால், பத்தும் தனித்தனியாக மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டாலும் சேர்ந்து போய்விடும் என்று புத்தகம் சொன்னது. ஆக்லாந்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் வாங்கி வைக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் அதில் பெரும்பகுதி. அப்படித் தனித்தனியாக ஓடும் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். நான் த்ரெட்டைத் தொட்டதே கிடையாது. மேனேஜர் கேட்டபோது தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாம் சிட்னியில் இருந்தார்கள்.

முதல் தப்பு இது. த்ரெட்டிடம் மெத்தடின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். கூப்பிடுவது அதன் வேலை. நான் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு, நானே கூப்பிட்டுவிட்டு, முடிந்த பிறகு மிச்சத்தை த்ரெட்டிடம் கொடுத்தேன். சமையல்காரரை அனுப்பச் சொன்னால் நானே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வெறும் பாத்திரத்தை அனுப்பிய மாதிரி. எரர் எதுவும் வரவில்லை. ஃபைல்களும் போயின, ஒவ்வொன்றாக, பழைய ஆமை வேகத்தில். நான் இரண்டு நாள் அதைத் த்ரெட் என்று நம்பி எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்ததும் வந்தது நிஜமான எரர். சோதனைக்கு என் பெயரையே போட்டிருந்தேன். எங்கள் பட்டியலில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கும். அதன்படி இங்கிலீஷில் கமலா, ஒரு சாய்கோடு, பிள்ளை. திரையில் வந்தது: மூன்று ஆர்கியூமென்ட் வேண்டும், பதினான்கு கொடுத்திருக்கிறாய். நான் கொடுத்தது ஒன்று. அது கேட்பது மூன்று. வந்து சேர்ந்தது பதினான்கு. கணக்கில் நான் எப்போதுமே சுமார்தான், ஆனால் அவ்வளவு சுமார் இல்லை.

பக்கத்து மேசையில் மெரே. லவுட்டோகாவுக்கு வெளியே ஒரு ஃபிஜியன் கிராமத்துப் பெண். எங்கள் அலுவலகத்தில் ஃபைல்களைப் பிரித்து அடுக்குபவள். கம்ப்யூட்டர் பற்றி அவளுக்கு அக்கறை கிடையாது, எண்ணுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. என் புலம்பலைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். திரையில் விரலை வைத்து என் பெயரின் எழுத்துகளை எண்ணினாள். சாய்கோட்டையும் சேர்த்துப் பதின்மூன்று. பெயரை எழுத்தெழுத்தாகப் பிய்த்துவிட்டது, இன்னொன்று யாருடையது என்று கேட்டாள்.

இன்னொன்று அந்தக் கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்ட். அதன் மெத்தடைக் கூப்பிட்டால், நாம் கொடுக்காமலே அது முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகை வைக்காமலே கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்திக்கு இலை எண்ணும்போது அவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். போன் செய்த பெண்ணே, உன் ஒன்று இரண்டானதும் இந்த மாமாவால்தான்.

பெயர் பிய்ந்ததற்குக் காரணம், த்ரெட்டுக்கு விவரங்களை ஒரு கட்டாகத்தான் கொடுக்க வேண்டும். நான் கட்டாமல் பெயரை அப்படியே நீட்டியிருந்தேன். எனக்கு ஒரு கெட்டிக்கார யோசனை வந்தது. சாய்கோடு இருக்கும் இடத்தில் பெயரை வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும். அதையே கட்டாகக் கொடுத்துவிட்டால் மாமாவையும் சேர்த்து மூன்று. ஓடவிட்டேன். கமலா பிள்ளை போய்ச் சேர்ந்தாள். அடுத்து இன்னும் சில பெயர்கள், அவர்களும் போனார்கள். பத்துப் பத்தாகப் பறந்தன. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து மெரே சிரித்தாள்.

அந்த முதல் தடவை, கடைசி நாளன்று ஏஜென்சி ஆள் ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தார். புரோகிராம் ஓடும்போது கறுப்புத் திரையில் நடுநடுவே ஏதோ எரர் வரிகள் ஓடின. பத்து த்ரெட் ஒன்றாகப் பேசுவதால் வரிகள் கலந்து சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஆனால் ஃபைல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மேனேஜர் என் காதருகில் வந்து, அவர் பார்க்கிறார், அதை மறை என்றார். நான் மறைத்தேன். புரோகிராமை நிறுத்தி, எரர்கள் திரைக்கு வராமல் ஒரு ஃபைலுக்குள் போய் விழும்படி ஒரு வரி சேர்த்து, முதலிலிருந்து ஓடவிட்டேன். திரை சுத்தமாகிவிட்டது. கடைசியில் "முடிந்தது" என்று ஒரே ஒரு வார்த்தை. ஏஜென்சி ஆள் எனக்குக் கைகொடுத்தார். அந்த ஃபைலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவும் இல்லை.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். த்ரெட் ஒன்று எரர் வந்து செத்தால் அது மட்டும்தான் சாகும். மற்றவை பாட்டுக்கு ஓடும். மெயின் புரோகிராம் எல்லா த்ரெட்டும் முடிந்ததா என்று மட்டும்தான் கேட்கும். வேலையைச் செய்து முடித்ததும் முடிந்ததுதான், செத்ததும் முடிந்ததுதான். அதற்கு இரண்டும் ஒன்று.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணிவரை நேரம். காலையிலேயே புரோகிராமை ஓடவிட்டேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் "முடிந்தது" என்று வந்துவிட்டது. மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அலுவலகத்தில் க்ரோக் கலக்குவது வழக்கம். யாங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குடிப்பது. அன்றைக்கு மதியமே தானோவா பாத்திரத்தைக் கழுவச் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை ஒன்றே ஒன்று மாறியிருந்தது. என் ஃபைல் போய்விட்டதா என்று போன் மேல் போன் வந்துகொண்டிருந்ததால், மெரே ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு ஃபைல் போனதும் ஆக்லாந்திலிருந்து ஒரு ரசீது எண் திரும்பி வரும். முதல் தடவை அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இந்த முறை அவள் அதைப் பெயரோடு அச்செடுத்து வாசல் கதவில் ஒட்டினாள்.

ஒரு மணி சுமாருக்கு அஞ்சலை வந்தாள். ட்ராசாவில் கரும்பு வயல் வைத்திருந்த குடும்பம். குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனபின் இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ். டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு பஸ் பிடித்து வந்திருந்தாள். முதல் தடவையும் விண்ணப்பித்தவள், பதில் வராதவள். அடுத்த வாரம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதாவது இதுதான் கடைசி.

போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது, கவலைப்படாமல் வீட்டுக்குப் போ என்று சொன்னேன். திரையைத் திருப்பிக் காட்டவும் செய்தேன். "முடிந்தது".

அவள் நகரவில்லை. "அக்கா, கதவுல ஒட்டியிருக்கிற காகிதத்துல எல்லார் பேரும் இருக்குது. என் பேரு இல்லியே" என்றாள்.

அச்சு விட்டுப்போயிருக்கும் என்றேன். கம்ப்யூட்டர் முடிந்தது என்று சொன்னால் முடிந்ததுதான் என்றும் சொன்னேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மெரே எழுந்து அலமாரியிலிருந்த ஃபைல்களை எண்ணினாள். பிறகு கதவிலிருந்த ரசீதுகளை எண்ணினாள். இரண்டையும் மறுபடி எண்ணினாள். பதினேழு குறைந்தது.

நான் அந்த எரர் ஃபைலைத் திறந்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக. அடியில் அன்றைய தேதியில் ஒரே வரி பதினேழு தடவை: மூன்று ஆர்கியூமென்ட் வேண்டும், இரண்டு கொடுத்திருக்கிறாய்.

நேரம் ஒன்றேகால். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டு என்ன என்ன என்று கேட்கிறார். இப்படி ஒருவர் பின்னால் நிற்கும்போது மூளை செய்யும் வேலையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் மூளை சொன்னது: இரண்டு கொடுத்திருக்கிறாய், சரிதானே, பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. மூன்றாவதாக எதையோ கேட்கிறது. எதையாவது கொடுத்துத் தொலைத்தால் வாயை மூடும். ஒரு வெற்று வார்த்தையை மூன்றாவதாகச் சேர்க்க விரல் போய்விட்டது. சேர்த்திருந்தால், காலையில் மூன்றாக ஒழுங்காகப் போன பெயர்களுக்கு அது நான்காகி, அடுத்த தடவை அவையும் விழுந்திருக்கும். எரர் சொல்கிற எண்ணைச் சரிக்கட்டுவது வேறு, அது ஏன் அந்த எண்ணைச் சொல்கிறது என்று கேட்பது வேறு. அவசரத்தில் முதலாவது இரண்டாவது மாதிரியே தெரியும்.

என்னைத் தடுத்தது என் அறிவு அல்ல. மெரே அந்த நேரத்தில் பதினேழு ஃபைல்களையும் கொண்டுவந்து மேசையில் போட்டு, மேலட்டைகளைச் சத்தமாக வாசித்தாள். அஞ்சலை. மாரியம்மா. பொன்னம்மா. லோசெனா. சின்னம்மா. குஞ்சம்மா. வாசித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது பெயரிலேயே நான் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்களின் பிறப்புச் சான்றிதழில் ஒரே பெயர்தான் இருக்கும். அப்பா பெயருக்குத் தனிக் கட்டம். அதைக் குடும்பப் பெயராகச் சேர்த்து எழுதும் பழக்கம் டவுனில் இருந்த எங்களைப் போன்ற வீடுகளில் வந்தது. கரும்பு வயல் பக்கம் பல வீடுகளில் வரவில்லை. ஃபிஜியன் கிராமங்களிலும் அப்படித்தான், லோசெனா அங்கிருந்து விண்ணப்பித்தவள். அவர்கள் பெயரில் சாய்கோடு கிடையாது. சாய்கோடு இல்லாத பெயரை வெட்டினால் கிடைப்பது ஒரு துண்டு. மாமாவைச் சேர்த்தால் இரண்டு. கம்ப்யூட்டர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. என் பெயரில் பிள்ளை இருந்ததால், உலகத்தில் எல்லாருக்கும் வாலில் ஒன்று இருக்கும் என்று நான் சோதித்து முடித்திருக்கிறேன். அதுவும் நான், ட்ராசாவுக்கு ஐந்து மைல் தள்ளி வளர்ந்தவள், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர். வெளியூர்க்காரர் ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருந்தால் எங்களைத் தெரியாதவர் என்று திட்டியிருப்பேன்.

மேனேஜர் உடனே வழி சொன்னார். அப்பா பெயர்தான் ஃபாரத்தில் இருக்கிறதே, அதைக் குடும்பப் பெயராகப் போட்டு அனுப்பு, ஐந்து நிமிஷ வேலை. எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. அஞ்சலையிடம் கேட்காமலே டைப் அடிக்க ஆரம்பித்தேன். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"அப்பா பேரு என் பேரு இல்லக்கா. பாஸ்போர்ட்ல வெறும் அஞ்சலைதான். நீங்க ஒண்ணு அனுப்பி, பாஸ்போர்ட்ல ஒண்ணு இருந்தா, நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்."

இருபது வருஷம் மருந்துச்சீட்டில் பெயர் சரிபார்த்தவள். மேனேஜர், நான், அவள் என்ற மூன்று பேரில் அந்த நேரத்தில் நிதானமாக யோசித்தது அவள் ஒருத்திதான், அதுவும் போகப்போவது அவள் வாழ்க்கை. ஆக்லாந்து ஏஜென்சிக்கு போன் போட்டேன். ஒற்றைப் பெயர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. இருக்கும் ஒரு பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடுங்கள், முதல் பெயரைக் காலியாக விடுங்கள், எங்களுக்கு இது தினமும் வரும் என்றாள். போன் பேசி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. இதை நான் ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

திருத்தி முடித்தபோது ஒன்று ஐம்பது. பதினேழு ஃபைல், மூன்று நிமிஷம் வீதம் ஐம்பத்தோரு நிமிஷம். த்ரெட்டில் விட்டால் ஆறே நிமிஷம் என்று மேனேஜர் சொன்னார். அதற்குள் அவருக்கும் த்ரெட் தெரிந்துவிட்டிருந்தது. நான் மாட்டேன் என்றேன். ஒன்றொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ரசீது எண் வந்து மெரே கையால் எழுதிய பிறகுதான் அடுத்தது. பத்தை ஒன்றாக அனுப்பி அதில் எது விழுந்தது என்று தேட என்னிடம் இன்னொரு வெள்ளிக்கிழமை இல்லை. நேரம் குறைவாக இருக்கும்போது வேகமாகப் போவதா, கண்ணால் பார்த்துப் போவதா என்று கேட்டால், இரண்டாவதற்கு நேரம் போதுமானால் இரண்டாவதைத்தான் நான் இன்றும் செய்வேன். அன்றைக்குப் பத்தொன்பது நிமிஷம் மிச்சம் இருந்தது. அதனால் தைரியசாலி ஆனேன்.

எந்த வரிசையில் அனுப்புவது என்பதையும் மெரேதான் முடிவு செய்தாள். நான் அகரவரிசை என்று நினைத்தேன். அவள் பிறந்த தேதியைப் பார்த்து ஃபைல்களை அடுக்கினாள். வயது கூடியவர்கள் முதலில். சின்னவர்களுக்கு அடுத்த தடவை இருக்கிறது, இவர்களுக்கு இல்லை என்றாள். அஞ்சலை இரண்டாவதாக வந்தாள். அவளுடைய ரசீது எண் வந்தபோது அவள் அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகும் போகவில்லை. பதினேழாவது போகும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் லைன் ஒரு தடவை அறுந்தது. மறுபடி இணைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இரண்டு ஐம்பத்தாறுக்குக் கடைசி எண் வந்தது.

முடிவைத் தேடிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சலைக்கு வேலை கிடைத்தது. நாலு மாதத்தில் குடும்பத்தோடு ஹாமில்டனுக்குப் போய்விட்டாள். மகன் அங்கே மின்சாரக் கம்பெனியில் இருக்கிறானாம். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

மேனேஜர் க்ரோக் கலக்கப் போனார். நான் எரர் ஃபைலை மூட வேண்டியவள், மூடாமல் மேலே தள்ளிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. அதே மெத்தட். மூன்று வேண்டும், இரண்டு கொடுத்திருக்கிறாய். பதினொரு தடவை. ஒவ்வொரு வரிக்கு மேலும் த்ரெட்டின் எண் இருந்தது. எங்கள் பட்டியலின் வரிசை எண்ணும் அதுவும் ஒன்று. பழைய பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஒன்பதாம் எண், அஞ்சலை.

முதல் தடவை அவளுக்குப் பதில் வராததற்குக் காரணம் ஆக்லாந்து இல்லை. அவளுடைய ஃபைல் லவுட்டோகாவை விட்டே போகவில்லை. அவளோடு இன்னும் பத்துப் பேருடையது. அவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை. எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவோம், அதிலும் கூவுக்குப் பிறகு.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்றைக்குப் போய்விட்டதே, இனிமேல் சொல்லி அந்தப் பெண்ணின் மனதை ஏன் கெடுக்க வேண்டும் என்றார். மற்றவர்களை இரண்டாவது தடவைப் பட்டியலில் தேடினோம். ஆறு பேர் மறுபடி விண்ணப்பித்து இன்றைய பதினேழில் இருந்தார்கள். இரண்டு பேருக்கு இன்னும் வயது இருந்தது. மிச்ச இரண்டு பேருக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. அந்த இருவர் வீட்டுக்கும் நான் மறு வாரம் பஸ்ஸில் போனேன். அங்கே என்ன பேசினேன் என்பதை எழுதப்போவதில்லை. ஏஜென்சிக்கு நான் மூன்று கடிதம் எழுதியும் அவர்கள் விதியை மாற்றவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அஞ்சலைக்குச் சொல்ல வேண்டாம் என்ற யோசனை எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. சொல்லாவிட்டால் நான் அவளைக் காப்பாற்றியவள். சொன்னால் ஆறு மாதம் அவளைத் தொலைத்தவள். அவள் அப்போதும் வாசலில் நின்று பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள், கையில் எழுதிய எண் அழியாமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு. முதல் எரரை மறைத்தது ஏஜென்சி ஆள் பார்க்கிறார் என்பதற்காக. இரண்டாவதை யாருக்காக மறைப்பது என்று யோசித்தேன். எனக்காகத்தான். எழுந்து போய்ச் சொன்னேன்.

நின்றபடியே கேட்டாள். த்ரெட், மாமா எதையும் நான் சொல்லவில்லை. உன் முதல் விண்ணப்பம் போகவே இல்லை, என் புரோகிராமின் தப்பு, நான் பார்க்கவில்லை, என்று மட்டும் சொன்னேன்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள். பதில் வராததும், விண்ணப்பத்தோடு சேர்த்த இங்கிலீஷ் டெஸ்டில் தன் மார்க் போதவில்லை, அதனால்தான் வேண்டாம் என்று விட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். டியூட்டி முடிந்து வாரம் நாலு நாள், டவுனில் ஒரு டீச்சர் வீட்டில், தன் பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு மாதம் இங்கிலீஷ் படித்திருக்கிறாள். அதில் கடைசி மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நேரமில்லாமல், அந்த மகள் ஒரு வகுப்பு பெயிலானாள்.

"அப்போ அக்கா, என்னோட இங்கிலீசு முன்னாடியே சரியாத்தான் இருந்திச்சா?"

"தெரியாது அஞ்சலை. யாரும் அதைப் பார்க்கவே இல்லை" என்றேன்.

பஸ் வந்துவிட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "தேங்க் யூ ஃபார் இன்ஃபார்மிங் மீ, மேடம்" என்றாள். அதுவரை அவள் என்னை அக்கா என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தாள். அந்த இங்கிலீஷில் ஒரு பிழையும் இல்லை.